வேற சேதி ஒண்ணுமில்ல

மங்கையர்க்கரசி குரு. அருளானந்தம் சீடர். சீடருக்குக் குருவை விடப் பதினொரு வயது அதிகம். அதை இருவரும் பொருட்படுத்தியதில்லை.

சீடர் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி. வானொலிகளுக்குத் தரும் மானியத்தைச் சீர்திருத்தும் பொறுப்பு அவருக்கு வந்திருந்தது. அன்று கோப்போடு வந்தார்.

"அம்மா, நாளைக்குக் கையெழுத்துப் போடணும். எத்தனை பேர் கேட்கிறாங்களோ அதைப் பொறுத்து மானியம். நியாயம்தானே?"

"யாருக்கு நின்னு போகும்?"

"முதல்ல இந்த மீனவர் வானொலிக்கு. மொத்தமே முந்நூறு பேர்தான் கேட்கிறாங்க. லூர்தம்மாள்னு ஒரே ஒருத்தர் நடத்துறாங்க. மானியம் இல்லைன்னா மூடிட வேண்டியதுதான்."

"வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றார் குரு.

நிலையம் என்பது கடற்கரையில் ஒரே ஓர் அறை. மாலை நான்கு மணி. லூர்தம்மாள் வானிலை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டார். துறைமுகத்துக்கும் கேட்டார். அப்புறமும் மனசு ஆறாமல் வெளியே போய்க் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார். ஒரு வரி சொல்வதற்கு இவ்வளவு பாடுபடுகிற மனுஷியைப் பார்த்தால் கும்பிடத்தான் தோன்றும்.

மைக்கைத் திறந்தார்.

"மக்களே, காத்து நல்லாயிருக்கு. அலை அடங்கிக் கெடக்கு. போயிட்டு வாங்க. வேற சேதி ஒண்ணுமில்ல."

மூடிவிட்டார்.

சீடருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கே அம்மா?"

"நேரம் இருக்கு சார். சேதிதான் இல்ல."

வெளியே வந்ததும் சீடர் பொரிந்து தள்ளினார். "அரை நிமிஷம்கூடப் பேசலை! இதுக்கா மக்கள் பணம்?"

குரு எதிரே இருந்த டீக்கடைக்குள் போய் உட்கார்ந்தார்.

கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்தில், 'கடல் கொந்தளிக்குமா?' காலையிலிருந்து அதே கேள்விதான் என்றார் கடைக்காரர். கடை நிறையக் கூட்டம். யாரும் கண்ணை எடுக்கவில்லை.

"பாருங்க அம்மா, இந்தச் சேனலை லட்சக்கணக்கில பார்க்கிறாங்க" என்றார் சீடர்.

அப்போது கரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "கஸ்பார் அண்ணே! லூர்தக்கா ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவ!"

டிவிக்கு முன்னால் இருந்த கஸ்பார் பாதி டீயை அப்படியே வைத்தார். ஐஸ் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். அவருடைய இரண்டு மகன்களும் படகில் ஏறினார்கள். பின்னாலேயே ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஐந்து நிமிஷத்தில் கடை காலி. டிவி மட்டும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

சீடர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது படகாவது இருக்கும்.

"டிவியைப் பார்க்கிறாங்க. ஆனா உயிரை இந்த அம்மாவை நம்பித்தானே கொண்டு போறாங்க" என்றார்.

குரு தலையசைத்தார்.

"ஆனா இதை நான் எப்படி விதியா எழுதுவேன்? ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கு மானியம்னு எழுதினா சட்டசபையே சிரிக்குமே அம்மா."

"சிரிக்கட்டும்" என்றார் குரு. "கூட்டம் சேர்த்தாத்தான் சோறுன்னு நாளைக்கு நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் என்னைக்கு அந்த அம்மா ஒண்ணுமில்லைன்னு சொல்லுவாங்க?"