ஆறு மணி நேரக் கொடி

“இது எனக்குத் தண்டனையா, கோச்?”

பெனிட்டா கொடியை நீட்டியபடியே நின்றாள்.

ஒரு தடியில் கட்டிய மஞ்சள் துணி. அதில் கறுப்பாக, கொட்டை எழுத்தில், ‘6 மணி நேரம்’. முதுகில் மாட்டிக்கொள்ள இரண்டு பட்டைகள்.

செம்மலர் கைகளைக் கட்டிக்கொண்டாள். வாங்கினால்தானே?

பெசன்ட் நகர் கடற்கரையில் ஓட்டப் பயிற்சி முடிந்திருந்தது. குழுவினர் செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே இட்லிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையே திரண்டு ஓடப்போகும் மாரத்தான்.

அந்த ஓட்டத்தில் கொடி சுமந்து ஓடுகிறவருக்குப் பேசர் என்று பெயர். நாலரை மணி நேரக் கொடியோடு ஓடினால் நாலரை மணி நேரத்தில் முடிக்கலாம். ஐந்து என்றால் ஐந்து. பேசர் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. ஆறு மணி நேரக் கொடிதான் கடைசி. அது முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டால், பின்னால் வருகிறவருக்குப் பதக்கம் இல்லை. கொடிக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும், முடியாதவர்களை அள்ளிப்போட.

“என் வேகம் உங்களுக்குத் தெரியும். நாலரை மணி நேரத்துல முடிப்பேன். அஃப்ரின், பிரபஞ்சன், எல்லாரும் அந்தக் கொடியோட ஒண்ணா ஓடறாங்க. நான் மட்டும் ஏன் வேனுக்கு முன்னாடி?”

“இது கேள்வியா, வாதமா?”

“ரெண்டும்தான்.”

“கேள்வி மட்டும்னா பதில் சொல்லலாம்.”

“சரி, கேள்வி மட்டும். சொல்லுங்க.”

பெனிட்டா அவளைத் திருப்பி நிறுத்தினாள். பட்டைகளைத் தோளில் மாட்டினாள். இழுத்து முடிந்தாள்.

“இறுக்கமா இருக்கா?”

பெனிட்டாவுக்கு அவளைவிட மூன்று வயதுதான் அதிகம். ஆனாலும் இப்படித்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல.

செம்மலருக்கு அழுகை வந்தது. அதை அவள் கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தக் குழுவை விட்டால் அவளுக்கு இந்த ஊரில் ஆளில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவள். பெண்கள் விடுதிக்கு மட்டும் இரவு எட்டு மணிக்குப் பூட்டு, ஆண்கள் விடுதிக்குக் கதவே கிடையாது, இது என்ன நியாயம் என்று துறையில் கேட்டாள். நியாயம்தான், நியாயம்தான் என்று தலையாட்டினவர்கள் முப்பது பேர். மனு போனபோது அதில் இருந்தது அவள் கையெழுத்து மட்டும்.

அன்றிலிருந்து கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் எதிர் நாற்காலியில் இருப்பவருக்குத் திடீரென்று வேலை வந்துவிடும்.

இட்லிக் கடையில்தான் அஃப்ரின் அவளுக்காகத் தன் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். அதற்காகவே அவள் ஓடினாள். பதக்கம் யாருக்கு வேண்டும்?

“ஒண்ணு சொல்லிடறேன், கோச். அன்னிக்கு ஒரே ஒருத்தராவது என்கூட ஓடணும். இல்லைன்னா இந்தக் கொடியை உங்க கையில குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன். திரும்பி இந்தப் பக்கம் வரமாட்டேன்.”

“சரி.”

“என்ன சரி?”

“வரமாட்டேன்னியே. சரி.”

ஒரு வார்த்தை, ஏன் இப்படிப் பேசறே என்று கேட்டிருக்கலாம்.

*

ஞாயிற்றுக்கிழமை. நேப்பியர் பாலத்தருகே இன்னும் விடியவில்லை. ஒலிபெருக்கியில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

கொடியைப் பார்த்ததும் ஒரு கூட்டம் வந்து அவளைச் சூழ்ந்துகொண்டது. எல்லோரும் ஒரே கம்பெனி, ஒரே நீலச் சட்டை.

“மேடம், நாங்க முதல் தடவை. உங்க கூடத்தான்.”

“கடைசி வரைக்கும்?”

“கடைசி வரைக்கும் மேடம்!”

அவளை நடுவில் நிறுத்தி செல்ஃபி எடுத்தார்கள். செம்மலர் சிரித்தாள். கோச்சுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வெடி வெடித்தது. கூட்டம் நகர்ந்தது.

நகர்ந்தது என்றால், அவளைத் தவிர எல்லாம் நகர்ந்தது. குளிர்ந்த காற்று, மேளம், விளக்கு, கைதட்டல். முதல்முறை ஓடுகிற எவனுக்குத்தான் அந்த நேரத்தில் மெதுவாகப் போக மனசு வரும்? நீலச் சட்டைகள் பறந்தன.

“மெதுவா! இப்பவே வேகம் வேண்டாம்!”

“நீங்க பொறுமையா வாங்க மேடம்! நாங்க முன்னாடி போய் எடம் புடிச்சு வைக்கிறோம்!”

கலங்கரை விளக்கம் வருவதற்குள் அவளைச் சுற்றி ஒரு ஆள் இல்லை.

*

கடைசியில் ஓடுகிறவளுக்கு மட்டும் தெரிகிற சென்னை ஒன்று இருக்கிறது.

மேளக்காரர்கள் மேளத்தை உறையில் போட்டுக்கொண்டிருப்பார்கள். சாலை முழுக்க மிதிபட்ட காகித டம்ளர்கள். வாழைப்பழத் தோல்கள். ‘உன்னால் முடியும்’ என்று எழுதிய அட்டையை ஒரு பெண் விசிறியாக்கி வீசிக்கொண்டிருப்பாள்.

அடையாறு தாண்டியதும் தண்ணீர்ப் பந்தலில் ஒருவர் மேஜையை மடக்கிக்கொண்டிருந்தார்.

“நீதான் கடைசியாம்மா?”

“நான் கடைசிக் கொடி.”

“அப்ப மூடிடலாமில்ல?”

“எனக்குத் தண்ணி குடுத்துட்டு மூடுங்க.”

பின்னால் வேன் வந்துகொண்டே இருந்தது. மாட்டு வண்டி வேகம். டிரைவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, பழைய பாட்டு போட்டுக்கொண்டு வந்தார்.

“ஏம்மா, ஏறிக்கயேன். ஏசி ஜில்லுனு இருக்கு.”

“நான் பேசர், அண்ணே. நான் ஏறக்கூடாது.”

“யாருக்குப் பேசர்? பின்னாடி என்னைத் தவிர யாரு இருக்கா?”

அவள் வாதத்தில் தோற்றவள் இல்லை. இதற்கு என்ன சொல்வது என்று திருவான்மியூர் வரை யோசித்தாள்.

அங்கே நடைபாதையில் நீலச் சட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆளுக்கு ஆள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு.

“எழுந்திருங்க! என்கூட வாங்க! மெதுவாப் போலாம், நேரம் இருக்கு!”

ஒருவன் கும்பிட்டான். “ஆளை விடுங்க மேடம்.”

கொஞ்ச நேரத்தில் அவர்கள் வேன் ஜன்னல் வழியாக அவளுக்குக் கைகாட்டினார்கள். ஒருவன் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறியது. சாலையில் கொடியின் நிழலும் அவள் நிழலும்.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் அந்த ஆரஞ்சுச் சட்டை கண்ணில் பட்டது.

தூரத்தில், ஒரே ஒரு ஆள். குட்டையான, கொஞ்சம் பூசினாற்போன்ற பெண். உச்சிக் கொண்டை. ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

செம்மலருக்கு உயிர் வந்தது. இவளைப் பிடித்துவிடலாம். பிடித்துவிட்டால் பேசிக்கொண்டே போகலாம். பேச வேண்டாம், பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டால் போதும்.

வேகத்தைக் கூட்டினாள்.

ஆரஞ்சுச் சட்டை திரும்பிப் பார்த்தது. அதுவும் வேகத்தைக் கூட்டியது.

“அக்கா! நில்லுங்க! சேர்ந்து போலாம்!”

அந்தப் பெண் மறுபடி திரும்பினாள். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். ஓடினாள்.

“அக்கா!”

இன்னும் ஓடினாள்.

நான் என்ன நாய் பிடிக்கிற வண்டியா? கேன்டீனில் எழுந்து போகிறார்கள், சரி. நட்ட நடு ரோட்டிலும் ஓடிப் போவார்களா?

செம்மலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். துரத்தின துரத்தலில் கொடி சரியான நேரத்துக்கு முன்னே வந்துவிட்டது. பேசர் முந்தக்கூடாது. வேறு வழியில்லை. நடந்தாள்.

அவள் நடந்ததும் அந்தப் பெண்ணும் நடந்தாள்.

அவள் ஓடினால் அந்தப் பெண்ணும் ஓடினாள். நடுவில் இருந்த தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு பேச்சு எட்டாத தூரம். ஒரு முகம் தெரியாத தூரம். வெறும் முதுகு. அவ்வப்போது திரும்புகிற ஒரு தலை. இப்படியே ஒரு மணி நேரம்.

அதற்கு யாருமே இல்லாமல் இருந்தது எவ்வளவோ மேல்.

*

உத்தண்டி போகும் வழியில் அவள் நின்றாள்.

சாலை நடுத்திட்டில் உட்கார்ந்தாள். பட்டையை அவிழ்த்தாள். கொடியைக் கழற்றி அரளிச் செடிக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டாள்.

வேன் வந்து நின்றது. பாட்டு நின்றது.

“ஏறறியா?”

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

“கால் வலியா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“ஒண்ணும் இல்லண்ணே. இதை எதுக்குத் தூக்கிட்டு வரேன்னு தெரியல. அதான்.”

டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். குளிர்ந்த காற்று வந்து அவள் முழங்காலில் பட்டது. உள்ளே நீலச் சட்டைகள் அவளுக்காக நகர்ந்து இடம் விட்டார்கள்.

அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள்.

“அந்தம்மா ஏன் நிக்குது?” என்றார் டிரைவர்.

செம்மலர் திரும்பிப் பார்த்தாள்.

சாலையின் நடுவே ஆரஞ்சுச் சட்டை நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் பார்த்தபடி. ஒரு கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு.

“இளைப்பாறுது போல.”

“இளைப்பாற நேரமா இது? இப்ப ஓடலைன்னா அதுவும் இந்த வண்டிதான்.”

ஒரு நிமிடம் ஆனது. அந்தப் பெண் நகரவில்லை. இரண்டடி வலது பக்கம் போய்ப் பார்த்தாள். இரண்டடி இடது பக்கம் போய்ப் பார்த்தாள். குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள்.

செம்மலருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு நேரம் பேய் மாதிரி ஓடினாயே. இப்போது துரத்த ஆளில்லை. போக வேண்டியதுதானே?

“போங்க! போங்க!” என்று கையை வீசினாள்.

அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் எட்டவில்லை. அந்தப் பெண் இந்தப் பக்கமாக, வேன் இருக்கும் பக்கமாக, ஒரு அடி திரும்பி வந்தாள். இன்னொரு அடி.

“ஐயோ, அது ஏன் திரும்பி வருது?” என்றது ஒரு நீலச் சட்டை.

செம்மலர் படியிலிருந்து காலை எடுத்தாள். நடுத்திட்டுக்கு ஓடினாள். கொடியைப் பொறுக்கினாள். பட்டையைக் கட்ட நேரமில்லை. தடியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

காற்று துணியை விரித்தது.

அந்தப் பெண் அப்படியே சுழன்று ஓட ஆரம்பித்தாள்.

“சரியான லூசு!” என்று கத்திக்கொண்டே செம்மலரும் ஓடினாள்.

*

உட்கார்ந்த நேரத்தை அவள் ஈடுகட்ட வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணும்தான்.

அவள் கொடியை இறக்கவே இல்லை. இடது கை மரத்தால் வலது கை. வலது கை மரத்தால் இடது கை. முன்னால் அந்தத் தலை திரும்பும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். ஒருமுறை அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். செம்மலர் ஓட்டத்தைக் குறைக்கவில்லை. காலை ஓங்கி ஓங்கித் தரையில் வைத்துச் சத்தமாக நெருங்கினாள்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். ஓடினாள்.

முடிவுக் கோட்டில் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாலரை மணி நேரக்காரர்கள் எப்போதோ படம் எடுத்து, சாப்பிட்டு, வீட்டுக்கும் போய்விட்டார்கள்.

ஆரஞ்சுச் சட்டை கோட்டைத் தாண்டியது. ஒரு பெண் அதன் கழுத்தில் பதக்கத்தைப் போட்டாள். அதோடு அது புல்லில் மல்லாந்து விழுந்தது.

அடுத்துக் கொடி தாண்டியது. ஆறு மணி நேரத்துக்குச் சரியாக.

பெனிட்டா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கொடிக்காகக் கையை நீட்டினாள்.

“யாராவது உன்கூட ஓடினாங்களா?”

செம்மலர் வாயைத் திறந்தாள். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அதற்குள் புல்லிலிருந்து, படுத்த வாக்கிலேயே, ஒரு குரல் வெடித்தது.

“கூட ஓடினாங்களாவா? இந்தப் பாவி என்னை ஒரு நிமிஷம் தனியா விட்டாளான்னு கேளும்மா!”