என் தலைமேல் செய்த சத்தியம்

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் செண்பகராஜ். என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒரு புதிர்க் கணக்காகக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

என் சித்தப்பா சீனிச்சாமி கொத்தனார். எனக்கு அப்பா இல்லாமல் போனபிறகு, தன் மகன் செண்பகராஜ், மகள் பேச்சித்தாய் இருவரோடு என்னையும் மூன்றாவது பிள்ளையாக வளர்த்தவர். வேலையும் அவரே கற்றுக்கொடுத்தார். ஒரே குறை குடி. ஒருநாள் குடித்துவிட்டு அவர் கட்டிய சாரம் அவிழ்ந்தது. மேலே நின்ற நான் விழுந்து கால் ஒடிந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் தலைமேல் கை வைத்து, "இனி தொட்டா இவன் தலை இருக்காது" என்று சத்தியம் செய்தார். எங்கள் பக்கம் அப்படிச் செய்த சத்தியத்தை மீறினால், யார் தலையில் செய்தாரோ அவர் உயிருக்கு ஆகாது.

இருபத்திரண்டு வருஷம். கல்யாண வீட்டில்கூடத் தொடவில்லை.

நெஞ்சில் சிமெண்டுத் தூசி அடைத்துப் படுத்திருந்த கடைசி மாதத்தில், மகனையும் மகளையும் பக்கத்தில் கூப்பிட்டு, "முதல் வருஷப் படையல்ல ஒரு குவார்ட்டர் வைங்கடா. செத்தவனுக்கு ஏது சத்தியம்?" என்று சிரித்தாராம். நான் அப்போது வேலைக்குப் போயிருந்தேன். அடுத்த தெருவில்தான் என் வீடு. யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை.

முதல் வருஷம் வந்தது. மத்தியானம் எல்லாரும் கூடியிருந்தோம். சித்தப்பாவைப் பற்றித்தான் பேச்சு. தூக்குக்குண்டு விடாமலே சுவர் கோணலைச் சொல்லிவிடுவார் என்றான் செண்பகராஜ். சித்தாள் பெண்களுக்குத் தன் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தனக்கு வயிறு சரியில்லை என்பார் என்றாள் பேச்சித்தாய். கால் ஒடிந்து கிடந்த மூன்று மாதமும் என்னைக் கக்கூசுக்கு முதுகில் தூக்கிப் போனதை நான் சொன்னேன்.

பிறகு இலை போட்டார்கள். ஆட்டுக்கறி, அவித்த முட்டை, புது வேட்டி. நடுவில் குவார்ட்டர் பாட்டில்.

"டேய், அது என் தலைடா" என்றேன்.

"அப்பாவே கேட்டாருண்ணே. உனக்கு ஒண்ணும் ஆகாது. எமனே உன்கிட்ட வாயக் குடுக்கப் பயப்படுவான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சூடம் காட்டிவிட்டான்.

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். பேச்சித்தாய் பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, உள்ள வந்து சாப்பிடு. காலையிலயே அதச் சாக்கடைல ஊத்திட்டேன். பாட்டில்ல இருக்கிறது கடுங்காப்பி. அவனுக்குத் தெரியாது."

என் தலை தப்பியது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் எனக்காக வாயைக் கட்டியவர், செத்த பிறகு வேண்டுமென்று ஆசையாய்க் கேட்டதற்குக் காப்பித் தண்ணீரா? அதையும் பொறுக்க முடியவில்லை. சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பங்காளி ஒருவன் படையல் சோறு தின்னாமல் போனால் இறந்தவர் பசியோடு திரும்புவார் என்பது எங்கள் வழக்கு. அது எனக்கும் தெரியும்.

மகன் அப்பா கேட்டதை வைத்தான், என் உயிரைப் பணயம் வைத்து. மகள் என் உயிரைக் காத்தாள், அப்பாவை ஏமாற்றி. நான் சோறு தின்னாமல் அவரைப் பசியோடு அனுப்பினேன். மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஒருவரும் இல்லை. செத்தவரைச் சத்தியம் கட்டுமா கட்டாதா என்று யோசித்தால் விடிய விடிய யோசிக்கலாம். சத்தியம் அவருடையது மட்டுமல்ல, தலை கொடுத்தவனுக்கும் அதில் பாதி உண்டு. அவன் வாயால் விட்டேன் என்றால் விட்டது. "அண்ணே, அப்பா கேட்டாரு, வைக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நானே பாட்டில் வாங்கி என் கையால் இலையில் வைத்திருப்பேன். பேச்சித்தாய்க்குக் கள்ளம் வேண்டியிருக்காது, எனக்குக் கோபம் வேண்டியிருக்காது. சித்தப்பா கேட்காததற்கு அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. என்னிடம் அதைக் கேட்க அவருக்கு வாய் வந்திருக்காது. செண்பகராஜ் கேட்டிருக்க வேண்டும். இது ஏழாவது வருஷம். படையலுக்கு வரச்சொல்லி இந்தத் தடவையும் ஆள் அனுப்பினான். அந்த ஒரு வார்த்தையை இன்னும் கேட்கவில்லை.