உருளி அடிப் பொங்கல்

கரண்டி பறந்துபோய்ச் சுவரில் மோதியது. மோதிய இடத்தில் காரை பெயர்ந்து விழுந்தது.

"எடுக்காதே!" என்று கத்தினார் குற்றாலிங்கம்.

எடுக்கக் குனிந்த உலகம்மை அப்படியே நிமிர்ந்துகொண்டாள். அடுப்படியில் அரைக்கவும் நறுக்கவும் இருப்பவள் அவள். இன்றைய கோபத்தில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு.

குற்றாலிங்கம் அந்த மலையடிவாரத்து மடத்தின் தவசிப்பிள்ளை. சமையல்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். மடத்தில் பொங்குகிறவர் தவசிப்பிள்ளைதான். பதினெட்டு வயதில் அடுப்படிக்குள் கால் வைத்தவர். நாற்பது வருஷமாயிற்று. இப்போது அந்தக் காலுக்கே வினை வந்திருக்கிறது.

இடது காலில் இரண்டாவது விரல். அடுப்பிலிருந்து தெறித்த தணலை மிதித்திருக்கிறார், சுட்டதே தெரியவில்லை. நாலு நாள் கழித்து உலகம்மைதான், "அண்ணாச்சி, என்னமோ வாடை வருதே" என்றாள். குனிந்து பார்த்தால் புண். தென்காசிக்குப் போனார். சர்க்கரை நானூற்றுச் சொச்சம் என்றார் டாக்டர்.

"மாத்திரை எழுதியிருக்கேன். விடாமப் போடுங்க. ஆனா மாத்திரை மட்டும் போட்டு ஒண்ணும் நடக்காது. சோறு, இட்லி, பொங்கல், இனிப்பு எல்லாத்தையும் விட்டுருங்க. காய், கீரை, பயறு, மோர்னு சாப்பிடுங்க. புண்ணுக்கு மருந்து கட்ட வாரந்தோறும் நர்ஸ்கிட்ட வந்துட்டுப் போங்க. ரெண்டு மாசம் பாப்போம். ஆறலைன்னா விரலை எடுத்துரணும். விரலோட நின்னுரும்னும் நான் சொல்ல மாட்டேன்."

கால் போனால் அடுப்பு முன்னால் எப்படி நிற்பது? பெண்டாட்டி பிள்ளை கிடையாது, போக்கிடம் கிடையாது. அந்த அடுப்படிதான் அவருக்கு எல்லாம். கோபம் வராமல் என்ன செய்யும்?

முதல் தடவை பதினொரு நாள் தாக்குப் பிடித்தார். அடுத்த தடவை நாலு நாள். மூன்றாவது தடவை இன்று காலையில் தொடங்கி மத்தியானம் முடிந்துபோனது.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் உச்சிப் பூசைக்குச் சர்க்கரைப் பொங்கல். பந்தி முடிந்த பிறகு வெண்கல உருளியின் அடியில் ஒட்டிக்கொண்டு இருப்பது தவசிப்பிள்ளைக்கு. நெய்யில் முறுகி, வெல்லம் இறுகி, சுரண்டினால் தகடு தகடாக வரும். மடத்துக்குத் தலைவரான பட்டத்துச் சாமியே கேட்டாலும் கிடையாது. நாற்பது வருஷத்து உரிமை அது.

இன்று அவர் உருளியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உலகம்மை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"ஒரு வாய்தானே அண்ணாச்சி. ஒரு வாயில என்ன ஆகிரப் போவுது?"

ஒரு வாய், உருளி காலியாகிற வரைக்கும் போயிற்று. விரலையும் நக்கிய பிறகுதான் கரண்டி பறந்தது.

அதே வேகத்தில் தொழுவத்துக்குப் போனார். அங்கே இளைய சாமி சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

இளைய சாமிக்கு முப்பத்து நாலு வயது. பெரிய சாமி சமாதியான பிறகு பட்டத்துக்கு வந்தவர். அதற்கு முன்னால் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். பட்டம் கட்டிய அன்று, 'மாட்டுக்கு ஊசி போட்ட ஆளா எனக்குக் குரு?' என்று குற்றாலிங்கம் முணுமுணுத்தது மடம் முழுக்கக் கேட்டது. ஆனாலும் மறுநாள் ஈர வேட்டியோடு போய்க் காலில் விழுந்து தீட்சை வாங்கிக்கொண்டார். மனுஷருக்குக் கோபம் எவ்வளவு உண்டோ, முறையும் அவ்வளவு உண்டு.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"மாட்டைக் கயித்துல கட்டிப் போட்டிருக்கீங்க. என் நாக்கை எதுல கட்ட?"

"மாட்டுக்கும் நாக்கை யாரும் கட்டலையே. கழுத்தைத்தான் கட்டியிருக்கு."

"எகத்தாளம் பண்ணாதீங்க சாமி, வயிறு எரியுது! ஒண்ணு, மந்திரம் சொல்லிக் கொடுங்க. இல்லேன்னா கையில காப்புக் கட்டுங்க. அதுவும் முடியாதுன்னா என்னை அடுப்படியை விட்டு எடுத்துத் தோட்டத்துல போடுங்க. உருளி கண்ணுல படலைன்னா நான் ஏன் திங்கப் போறேன்?"

"கண்ணுல பட்டா தின்னுருவீங்களோ?"

"மனுஷன்தானே நான்! நாப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பொங்கிப் போட்டேன். ஒவ்வொருத்தன் பந்தியில உக்காந்து மூணு தடவை கேட்டு வாங்குதான், கல்லு மாதிரி எந்திரிச்சுப் போறான். அவனுக்கு ஒண்ணுமில்ல. என் வாயில மட்டும் மண்ணா?"

"யார் மேல கோவம்?"

"எல்லார் மேலயும். உங்க மேலயுந்தான்."

சாமி சாணிக் கூடையை இறக்கி வைத்தார்.

"சரி. நாளைக்கு அடுப்படிக்கு வாரேன்."

"வந்து?"

"எனக்கும் பசிக்கும்லா."

இதற்கு என்ன அர்த்தம் என்று குற்றாலிங்கத்துக்கு விளங்கவில்லை. ஊசி போட்ட புத்தி எங்கே போகும் என்று வைதுகொண்டே திரும்பினார்.

மறுநாள் காலையில் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி, ஈரிழைத் துண்டால் வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தார். அதுவும் மடத்து முறைதான். அடுப்புப் பற்றியதிலிருந்து நைவேத்தியம் ஆகி மணி அடிக்கும்வரை யாரும் எதையும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு கைக்கணக்கு, வெல்லப் பாகு வாசனைக் கணக்கு. தவசிப்பிள்ளையின் மூச்சுக்கூட உருளியில் படக் கூடாது.

பதினோரு மணி வாக்கில் பொங்கல் குழைந்து, நெய் மிதந்து, ஏலக்காய் வாசனை தோட்டம்வரை போயிற்று. இளைய சாமி உள்ளே வந்தார். நேராக உருளிக்குப் போய்ப் பொங்கலில் விரலை விடக் குனிந்தார்.

சடார் என்று ஒரு சத்தம்.

கரண்டிக் காம்பு சாமியின் விரல் முட்டியில் விழுந்திருந்தது.

"ஐயோ, சாமியை அடிச்சுட்டாரே!" என்று அலறினாள் உலகம்மை.

குற்றாலிங்கம் வாய்த்துண்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பை விட்டு இரண்டடி தள்ளி வந்தார். அந்தக் கோபத்திலும் உருளியில் எச்சில் தெறித்துவிடக் கூடாதே.

"என்ன காரியம் பண்ணப் பாத்தீங்க! இன்னும் மணி அடிக்கலை!"

"பசிக்குது."

"பசிச்சா தண்ணியைக் குடிங்க!"

"ஒரு வாய்தானே, தவசிப்பிள்ளை. ஒரு வாயில என்ன ஆகிரப் போவுது?"

"ஒரு வாயோ ஒரு பருக்கையோ, எச்சில் எச்சில்தான்! பட்டம் கட்டிக்கிட்டா உங்களுக்கு மட்டும் தனி நியாயமா? நாப்பது வருஷமா இந்த உருளி முன்னால நிக்கேன். மணிக்கு முந்தி ஒரு பருக்கை என் நாக்குல பட்டிருக்குமா? யாரை வேணும்னாலும் கேளுங்க!"

"ஆசை வராதா?"

"எதுக்கு வரும்? மணிதான் அடிக்கலையே!"

சாமி வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

உச்சிப் பூசை ஆயிற்று. மணி அடித்தது. பந்தி நடந்து முடிந்தது. குற்றாலிங்கம் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு உருளியைத் தன் பக்கம் இழுத்தார். கை தானாகவே கரண்டியை எடுத்தது.

வாசற்படியில் சாமி நின்றார். முட்டி நாவற்பழ நிறத்தில் இருந்தது.

"துண்டை அவுத்துட்டீங்க."

"மணி அடிச்சாச்சுலா?"

"யாருக்கு?"

"சாமிக்கு."

"உங்களுக்கு?"

"எனக்குன்னு தனியா எவன் அடிப்பான்?"

"நான் அடிப்பேன். உங்க கீரைக்கும் மோருக்கும் அடிச்சாச்சு. சோத்துக்கும் பொங்கலுக்கும் இன்னும் அடிக்கலை."

"எப்ப அடிப்பீங்க?"

"அடிச்சா கேக்கும்."

குற்றாலிங்கத்துக்கு உச்சியில் ஏறியது. கரண்டியைத் தூக்கினார். வீச இடம் தேடினார். பிறகு என்ன நினைத்தாரோ, உருளியை உலகம்மை பக்கம் காலால் தள்ளிவிட்டு, "தின்னு தொலை!" என்றார். அகத்திக்கீரையையும் பயற்றையும் தட்டில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து மென்றார். மென்ற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

அதன் பிறகு அடுப்படியில் யாருக்கும் நிம்மதி இல்லை. விறகு ஈரம் என்று ஏச்சு, புளி பழசு என்று ஏச்சு, காக்காய் கத்தினால் காக்காய்க்கு ஏச்சு. தினமும் பந்தி முடிந்ததும் சாமி முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நிற்பார்.

"அடிச்சாச்சா?"

"இல்லை."

பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். இருபதாம் நாள் கேட்டபோது சத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. முப்பதைத் தாண்டி ஒரு நாள், கீரை ஆய்கிற மும்முரத்தில் கேட்கவே மறந்துவிட்டார். சாமி அதைப் பார்த்தார்.

டாக்டர் சொன்ன இரண்டு மாசம் முடிந்து தென்காசிக்குப் போனார். டாக்டர் சீட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"பரவாயில்லையே. புண்ணு நல்லாக் காஞ்சிருக்கு. விரல் இருக்கட்டும். ஆனா இப்படியே இருக்கணும், விட்டீங்கன்னா பழையபடி வந்துரும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

பஸ்ஸில் வரும்போது பக்கத்து ஸீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம் செருப்பைக் கழற்றி விரலைக் காட்டினார். மடத்துக்கு வந்தபோது பந்தி முடிந்திருந்தது. அன்று பொங்கியது உலகம்மை. அடுப்படியில் ஆள் இல்லை. உருளி இருந்தது. தவசிப்பிள்ளைக்கு உரியது என்ற பழைய வழக்கப்படி அடிப் பொங்கலை அவருக்கென்று வைத்திருந்தாள்.

விரல்தான் தப்பித்துவிட்டதே. இன்றைக்கு ஒரு நாள். சந்தோஷத்துக்கு ஒரு வாய்.

மளமளவென்று எல்லாம் உள்ளே போயிற்று. உருளியில் தன் முகம் மங்கலாகத் தெரிந்தபோதுதான் நிமிர்ந்தார்.

அடுத்து மடத்து முற்றத்தில் வெண்கலச் சத்தம் கேட்டது. உருளி கல்லில் விழுந்து, உருண்டு, மண்ணைப் புரட்டிக்கொண்டு துளசி மாடத்தில் முட்டி நின்றது.

சாமி கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"தோத்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே வந்தார் குற்றாலிங்கம். முகமெல்லாம் வேர்வை. கண்ணும் கலங்கியிருந்தது. "ஒண்ணரை மாசம் நாய் மாதிரி கெடந்தேன். ஒரு நொடியில எல்லாம் போச்சு. விரலை வெட்டிரச் சொல்லுங்க. காலையும் வெட்டட்டும். உங்க மணியும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். எனக்கு இது வராது, அவ்வளவுதான்!"

சாமி கன்று குடித்து முடிக்கும்வரை வாளியைப் பிடித்திருந்தார்.

"நாப்பது வருஷமா, மணிக்கு முந்தி ஒரு பருக்கை நாக்குல பட்டதில்லைன்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

"ஒரு பருக்கை கூடவா?"

குற்றாலிங்கம் தரையைப் பார்த்தார்.

"ஒரு தடவை," என்றார். "வந்து மூணாவது மாசம். பாகு பதம் சரியான்னு சந்தேகம். பெருவிரல்ல தொட்டு நாக்குல வச்சுட்டேன். பெரிய சாமி பாத்துட்டாரு. இது வேற யாருக்கும் தெரியாது."

"ஏசினாரா?"

"ஏசியிருந்தா தேவலை."

"போகச் சொன்னாரா?"

"இல்லை."

"பின்ன?"

"பொங்கல் அவ்வளவையும் ஆத்துல மீனுக்குப் போடச் சொன்னாரு. உருளியைக் கழுவி, திரும்ப அரிசியைக் களைய வச்சாரு. வெளியில நூறு பேர் வெயில்ல காத்துக் கெடக்காங்க. அழுதுக்கிட்டே பொங்கினேன்."

"அன்னைக்கு நைவேத்தியம் ஆச்சா?"

"ஆச்சு. பொழுது சாயப் போறப்ப ஆச்சு."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு பட்டதே இல்லை." சொல்லி முடித்ததும் அவருக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. "அது வேற சாமி, இது வேற! அப்ப எனக்கு வயசு பதினெட்டு!"

சாமி எழுந்து முற்றத்துக்குப் போனார். துளசி மாடத்தில் சாய்ந்து கிடந்த உருளியைத் தூக்கி வந்தார். விளிம்பு லேசாக நசுங்கியிருந்தது. உள்ளே மண்ணும் நெய்யும் அப்பியிருந்தது. அதைக் குற்றாலிங்கத்தின் காலடியில் வைத்தார்.

"இன்னும் மணி அடிக்கலை, தவசிப்பிள்ளை. உருளியைக் கழுவுங்க."