உலக வரலாற்றுக்குப் பட்டாபிஷேகம்

ஏங்க, விழாத ராஜ்ஜியம் ஒன்றையாவது நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? மேலக்குறிச்சி ஜமீன்தாருக்கு அப்படி ஒன்றுதான் வேண்டியிருந்தது. கலெக்டர் துரைமுன் படித்தவராகக் காட்டிக்கொள்ள, தலையணை தண்டிக்கு உலக வரலாற்றுப் புத்தகம் ஒன்று வாங்கினார். அதை வாசித்துக்காட்டும் வேலை அரண்மனைப் பணிப்பெண் செண்பகவடிவுக்கு.

"ராமாயணம் மாதிரி இதையும் பட்டாபிஷேகத்துலதான் முடிக்கணும், புள்ள. நடுவுல ராஜ்ஜியம் விழுந்தா அபசகுனம். மறுபடி முதல்ல இருந்து வாசி!"

எகிப்து விழுந்தது, முதலிலிருந்து வாசித்தாள். ரோமாபுரி விழுந்தது, மறுபடியும் முதல் அத்தியாயத்துச் சிந்துவெளிச் செங்கல்! தங்கச்சி வளைகாப்புக்கு விடுப்புக் கேட்டதற்கு, "முடிச்சிட்டுப் போ" என்றிருந்தார். வளைகாப்பு முடிந்து, பிள்ளை பிறந்து, அது குப்புற விழவும் பழகிவிட்டது.

பொறுத்துப் பார்த்த செண்பகவடிவு, ஒருநாள் அவர் கொட்டாவி விட்ட நேரத்தில் கடைசி அத்தியாயத்தை விரித்து வாசித்தாள். பிரான்சு தேசத்து ஜனங்கள் கிளம்பி ராஜாவின் தலையை வாங்கினார்கள்.

"நிறுத்து! பட்டாபிஷேகம் எங்கே?"

"இதுதான் எஜமான். ராஜாவுக்குத்தான் பட்டம்னு நீங்க சொல்லலியே. இங்கே குடிஜனங்களுக்குல்லா கட்டியிருக்கு!"

சமையல்கட்டும் மாட்டுக்கொட்டிலும் காலியாகி, கதவோரம் நின்று கேட்ட கூட்டம் கைதட்டியது. "நம்ம பட்டாபிஷேகத்தை இன்னொரு தரம் வாசிங்கக்கா!" என்றான் வண்டிக்காரன்.

ஜமீன்தார் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"தாயே, நீ இப்பவே ஊருக்குப் புறப்படு. போறப்ப அந்தப் புத்தகத்தையும் கையோட எடுத்துக்கிட்டுப் போயிடும்மா."