பெட்ரோல் மிச்சம் பிடித்த கல்யாணம்

மேலமடையில் புத்திசாலிகள் இருந்ததே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தடவை ஒருத்தர் பஸ் மாறி வந்து இறங்கியிருக்கிறார். அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார், அது வேறு விஷயம்.

அந்த ஊர் மாவு மில் ஆவுடையப்பனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பார்க்கப் போன இடமெல்லாம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, பெண்ணைப் பார்க்க மறந்து திரும்பி வருகிறவன் அவன். மலைக்குக் கீழே தாழைக்குளத்தில் மட்டும் கேசரி தீர்ந்துபோயிருந்ததால் தலையை நிமிர்த்தினான். எதிரே செண்பகவல்லி நின்றாள். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை.

ஆவுடையப்பனும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு பழைய கார் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு டயர் என்று பங்கு. டிரைவர் பக்கத்து டயர் பேச்சிமுத்துவுடையது என்பதால் அவன் ஓட்டுவான். பேப்பர் படிக்கிறவன் என்பதால் குத்தாலிங்கம் யோசிப்பான். மிச்சமிருந்த திரவியம் எல்லாவற்றுக்கும் சரி என்பான்.

கல்யாணம் நெருங்கும்போது பெட்ரோல் விலை மறுபடியும் ஏறியது.

"சர்வதேசச் சந்தையில விலை கூடிப்போச்சாம்" என்று குத்தாலிங்கம் பேப்பரை மடித்தான்.

"அது எந்தக் கிழமை கூடுற சந்தைலே?" என்றான் ஆவுடையப்பன்.

"அதைப் போடலையே."

"வெள்ளிக்கிழமையா இருந்தா நேரா அங்கேயே போய் வாங்கிருவோம். கூடவே கல்யாணத்துக்குக் கத்திரிக்காயும் ஆச்சு."

"சரி" என்றான் திரவியம்.

பஸ் ஸ்டாண்டில் போய் விசாரித்தார்கள். சர்வதேசத்துக்கு நேர் பஸ் கிடையாது, தென்காசியில் இறங்கி மாறணும் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். அந்த யோசனையை விட்டார்கள்.

பிறகு மெக்கானிக் ஜெபராஜைத் தேடிப் போனார்கள். அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும்தான் தெரிந்தது. காலைப் பார்த்தே கேட்டார்கள்.

"வெயிட்டக் குறைங்கப்பா" என்று லாரிக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. "வண்டி லேசா இருந்தா பெட்ரோலும் கம்மியாக் குடிக்கும்."

அன்றைக்கே ஸ்டெப்னியைக் கழற்றினார்கள். அப்புறம் பின் சீட்டு. அப்புறம் கதவுகள்.

"கதவு இல்லாட்டி மழை பெய்யுமே?" என்றான் பேச்சிமுத்து.

"கதவு இருந்தப்ப மட்டும் பெய்யாமலா இருந்துச்சு?" என்றான் குத்தாலிங்கம்.

கல்யாணத்தன்று காலையில், மிச்சமிருந்த காரில் கிளம்பினார்கள். மலைப்பாதையில் பாதி தூரம் வந்ததும் பேச்சிமுத்து வண்டியை ஓரம் கட்டினான். "பெட்ரோல் முள்ளு இறங்கிக்கிட்டே இருக்கு. இன்னும் எங்கேயோ வெயிட் இருக்கு."

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் ஆவுடையப்பன் மேல் வந்து நின்றது. மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. போதாததற்குக் கழுத்தில் ரோஜா மாலை.

ஆவுடையப்பன் மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நான் இல்லாம எப்படிலே கல்யாணம்?"

"மாப்ளே, மண்டபத்துல என்ன கேப்பாங்க? 'மாப்பிள்ளை கார் வந்தாச்சா?'ன்னுதானே? நீ வந்தியான்னு யாரு கேக்கப் போறா?" என்றான் குத்தாலிங்கம்.

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது. இறங்கிக்கொண்டான்.

கார் இறக்கத்தில் அம்பு மாதிரிப் பறந்தது. 'அடேயப்பா, நான் இல்லாம எவ்வளவு லேசாப் போகுது!' என்று அவனுக்கே பெருமையாக இருந்தது. ஒரு வளைவு தாண்டுகிறவரை அந்தப் பெருமை இருந்தது. அப்புறம் செண்பகவல்லி முகம் ஞாபகத்துக்கு வந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். நல்ல வேளை, பந்திக்கு வாழை இலை ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ வந்தது. இலைக்கட்டுகளின் மேல் உட்கார்ந்து மண்டபம் போய்ச் சேர்ந்தான்.

காருக்கு ஆரத்தி எடுத்து முடித்திருந்தார்கள். கூட்டாளிகள் மூவரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்ற பெண்ணின் சித்தப்பா அவனை மறித்தார்.

"இலையைப் பின்வாசல்ல இறக்குப்பா."

"நான் மாப்பிள்ளைங்க."

"மாப்பிள்ளை கார் அப்பவே வந்தாச்சே!"

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது மணமகள் அறையிலிருந்து செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள்.

"அவரை விடுங்க சித்தப்பா. அன்னைக்கு என்னைப் பார்த்துட்டு, கேசரி இவ்வளவுதானான்னு கேட்டாரே, அவர்தான்."

தாலி கட்டியாயிற்று. சாயங்காலம் ஊர் திரும்பணும். இப்போது முழுக்க ஏற்றம். பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. நாலு பேரும் காரைச் சுற்றி நின்றார்கள்.

"முன்னால ஓட்டினா பெட்ரோல் குறையுது. சரியா?" என்றான் குத்தாலிங்கம்.

"சரி."

"அப்ப பின்னால ஓட்டினா?"

"ஏறணும்" என்றான் ஆவுடையப்பன், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே நம்ப முடியாமல்.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு போய், ஒரு கேன் பெட்ரோல் கொண்டுவந்து சத்தமில்லாமல் டேங்கில் ஊற்றிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை.

பேச்சிமுத்து ரிவர்ஸ் கியரைப் போட்டான். முள் சரசரவென்று மேலே ஏறியது.

"பார்த்தீங்களாலே!" என்று நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"இந்தத் தடவையும் நான் இறங்கணுமா?" என்றான் ஆவுடையப்பன்.

"ஏறு மாப்ளே. ரிவர்ஸ்ல வெயிட் கூடக் கூடத்தான் பெட்ரோல் கூடும்" என்றான் குத்தாலிங்கம்.

புதுமணத் தம்பதி முன்சீட்டில் நெருக்கிக்கொண்டார்கள். குத்தாலிங்கமும் திரவியமும் பின்னால், சீர்வரிசை அண்டாவுக்குள் உட்கார்ந்து வழி சொன்னார்கள். கார் பின்பக்கமாக மலை ஏறியது. பிறந்த ஊர் கடைசிவரை கண்ணுக்கு எதிரிலேயே இருந்ததால் செண்பகவல்லிக்கு அழுகையே வரவில்லை. இப்படி ஒரு வண்டி எந்தப் பெண்ணுக்கும் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர் எல்லையில் மேலமடையே மேளத்தோடு காத்திருந்தது. கார் வந்தது. அதன் முகம் தாழைக்குளத்துப் பக்கம் இருந்தது. கூட்டம் அதைப் பார்த்தது.

"அடடா, மாப்பிள்ளை கல்யாணத்துக்கு இப்பத்தான் கிளம்புறான்!"

எல்லோரும் கையசைத்தார்கள். "பத்திரமாப் போயிட்டு வாங்க!" என்றார்கள். ஆவுடையப்பனும் பதிலுக்குக் கையசைத்தான்.

"ஊரே வழியனுப்புது. நிறுத்தினா மரியாதையா இருக்காது பேச்சிமுத்து."

பேச்சிமுத்து நிறுத்தவில்லை. கார் ரிவர்ஸிலேயே தெருவைக் கடந்து ஊரின் அந்தப் பக்கம் போனது. ஆவுடையப்பனின் அம்மா திருநீற்றுத் தட்டோடு கூடவே ஓடி வந்து முன்சீட்டிலிருந்த மூவர் நெற்றியிலும் பூசிவிட்டுக் கத்தினாள்:

"ஏலேய், எதை மறந்தாலும் பொண்ணை மறக்காமக் கூட்டிட்டு வாலே!"

செண்பகவல்லி கைகூப்பினாள். "நான் ஞாபகப்படுத்துறேன் அத்தை."