துணியில் மிச்சம்

"சாமி, நான் போடுற ஐஸ் டீ கசக்குது."

மடத்து வாசலில் மூச்சு வாங்க நின்று அருணகிரி இதைச் சொன்னபோது துறவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துறவிக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது. அருணகிரிக்கு அறுபத்து நாலு.

"சர்க்கரை போட்டுப் பாருங்க ஐயா."

"போட்டேன். அன்னாசி போட்டேன், புதினா போட்டேன். எல்லாத்தையும் தாண்டிக்கிட்டுக் கசப்பு வருது."

"அப்ப குடிக்காதீங்க."

"எனக்கில்ல சாமி. என் சம்சாரத்துக்கு."

துறவி கீரையைக் கீழே வைத்தார்.

வேதவல்லியின் வயிற்றில் வந்த கட்டியைப் பற்றி ஊருக்கே தெரியும். மூன்று ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. மூன்றாவதில் பெரிய டாக்டரே, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைக் கொடுங்க" என்று சொல்லிவிட்டார். இந்தச் சித்திரை வெயிலில் அவளுக்கு உள்ளே போய்த் தங்குவது அன்னாசி போட்ட ஐஸ் டீ ஒன்றுதான். நாற்பது வருஷமாக அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காத மனுஷன் அதைப் போடக் கிளம்பிவிட்டார்.

"அவ ஒண்ணும் சொல்றதில்ல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு முழுங்குறா. பாக்க முடியல சாமி. இன்னிக்கு நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வருது, சென்னையில இன்னொரு ஆஸ்பத்திரிக்கு. அதுக்கு முன்னாடி ஒரு டம்ளராவது நல்லதாக் கொடுக்கணும்."

"அவங்க வர்றேன்னாங்களா?"

"வேணாம்னுதான் சொல்றா. நோயாளி பேச்சைக் கேக்க முடியுமா?"

துறவி எழுந்து அவரோடு நடந்தார்.

வீட்டில் அருணகிரி தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கினார். தேயிலையைப் போட்டு மூடினார். அன்னாசித் துண்டுகளைச் சர்க்கரையோடு வேகவைத்து மசித்தார். துறவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டீயைத் துணியில் ஊற்றி வடித்தாயிற்று. அருணகிரியைக் கஞ்சன் என்று சொல்வது பாவம். எதையும் பாதியில் விடத் தெரியாது, அவ்வளவுதான். தீர்ந்துபோன பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழித்தெடுக்கிற ஆள். துணியின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, முறுக்கிப் பிழியப் போனார்.

துறவி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்க சாமி. உள்ள இன்னும் இருக்கு."

"இருக்கு."

"பிழிஞ்சா வரும்."

"வரும். கசப்புதான் வரும்."

அருணகிரி துணியைப் பார்த்தார். அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"அதுக்காக, இருக்கும்போதே விட்டுடறதா?"

"ஆமா ஐயா. இருக்கும்போதே."

அருணகிரி துணியின் முனைகளை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"விட்டா அவ செத்துப் போயிடுவாளே சாமி!"

துறவி பிடியைத் தளர்த்தவில்லை.

உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அருணகிரி அழுதார். அவள் இல்லாத வீட்டை அன்றுதான் முதல்முதலாக நினைத்துப் பார்த்தார். இந்த வயதில் தன்னை இப்படி நடுத்தெருவில் நிறுத்துகிற தெய்வத்தை மனசாரத் திட்டினார்.

வாசலில் ஹாரன் அடித்தது.

"என்னங்க, வந்துடுச்சா?" உள்ளேயிருந்து வேதவல்லியின் குரல். அந்தக் குரலில் இருந்த பயம் இத்தனை நாள் தன் காதில் விழாமல் போனது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை.

துணியை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போனார்.

"நாங்க வரல தம்பி. சிரமத்துக்கு மன்னிச்சுக்குங்க."

டிரைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

உள்ளே வந்து டம்ளர் நிறைய ஐஸ் கட்டியைப் போட்டு, அன்னாசியும் டீயும் ஊற்றி எடுத்துப் போனார். வேதவல்லி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புடவை மாற்றியிருந்தாள், எப்படித்தான் மாற்றினாளோ. மடியில் துணிப்பை.

"கிளம்பணுமா?"

"வண்டியை அனுப்பிட்டேன்."

"வேற வண்டி வருதா?"

"இல்ல வேதா. எங்கயும் போகல. வீட்லயே இருக்கலாம்."

அவள் அவரையே பார்த்தாள். பையை மடியிலிருந்து நழுவவிட்டாள். நீட்டிய டம்ளரை வாங்காமல், சுவரில் மெல்லச் சாய்ந்துகொண்டாள்.

"அப்பாடா" என்றாள்.