கும்பல் எறிந்த கல்

ஓலை எழுதி எழுதியே கூன் விழுந்தவர் ஆச்சன். ஊர்ச்சபையின் எழுத்தர். அன்று உச்சி வெயிலில் குருவைத் தேடித் தண்ணீர்ப்பந்தலுக்கு வந்தார். குரு உமையாள் அவரைவிட இருபது வயது இளையவள். வழிப்போக்கர்களுக்கு நீர் வார்ப்பதுதான் அவள் வேலை. ஞானமெல்லாம் யாராவது கேட்டால்தான்.

"தாயே, ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டும்."

"எந்தச் சொல்?"

"கும்பலாட்சி."

உமையாள் பெருமூச்சு விட்டாள். "இதைக் கேட்டு வருகிற மூன்றாவது எழுத்தர் நீர். உட்காரும்."

ஆச்சன் தூணில் சாய்ந்து சரிந்தார். நான்கு நாளாகத் தூக்கமில்லை. அரசனின் அதிகாரி ஏரி மதகை அடைத்துவிட்டான்; பயிர் காய்ந்தது. திறந்துவிடுவதென்று சபை கூடி முடிவெடுத்தது. இருநூறு பேர் போய்த் திறந்தார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் கல் பட்டு மதகுக் காவலன் மண்டை உடைந்து செத்துப்போனான். நடந்ததை எழுதி வாங்கிப்போக அரண்மனை ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"கும்பலாட்சி, கும்பல்தான் கொன்றது என்று எழுதினால்?" என்று கேட்டாள் உமையாள்.

"சபையைக் கலைத்துவிடுவார்கள். அப்புறம் அதிகாரி வைத்ததுதான் சட்டம். தனியாக யாரையும் தண்டிக்க மாட்டார்கள்."

"அப்படி எழுதாவிட்டால்?"

"கொன்றவன் பெயரைக் கேட்பார்கள். அவன் தலை போகும்."

உமையாள் நீர் வார்த்தாள். அவர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்.

"நிகண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன், தாயே. துறைமுகத்துக்குப் போய் யவனர்களையும் கேட்டேன். அவர்கள் நாட்டில் மக்கள் ஆண்டால் அதற்கு ஒரு சொல், கும்பல் ஆண்டால் அதற்கு ஒரு சொல். ஆட்கள் என்னவோ அதே ஆட்கள்தானாம். முதலில் அந்த இரண்டாவது சொல்லைச் சொன்னவன் யார், எதைப் பார்த்துச் சொன்னான் என்று மட்டும் தெரிந்தால் மனசு ஆறும். எழுதிக் கொடுத்துவிடுவேன்."

"காவலன்மேல் எத்தனை கல் விழுந்தது?"

ஆச்சன் கையிலிருந்த ஈரத்தை வேட்டியில் துடைத்தார்.

"ஒன்று."

"ஒரு கல்லை இருநூறு பேர் எப்படி எறிந்தார்கள்?"

பானையில் நீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அவள் பானையைச் சாய்த்து மொண்டு மறுபடியும் வார்த்தாள். இந்த முறை அவர் குடிக்கவில்லை. நீர் விரலிடுக்கில் ஒழுகியது.

"நீர் அங்கே இருந்தீரா?"

"இருந்தேன்."

"பார்த்தீரா?"

"பார்த்தேன். என் மூத்த மகன், தாயே. கைக்குழந்தைக்காரன்."

உமையாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. சாலையில் அரண்மனை ஆள் குதிரையைப் பிடித்துக்கொண்டு வருவது தெரிந்தது.

ஆச்சன் அவசரமாகக் கேட்டார். "சொல்லுங்கள் தாயே, முதன்முதலில் அதைச் சொன்னவன் யார்?"

"பெயர் தெரியாது," என்றாள் அவள். "அவனுக்கும் ஒரு மகன் இருந்திருப்பான்."